குடை விரித்த கணக்கு சார்

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது கணக்கு சார் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தட்டிக்கொள்வார். சாக்பீஸ் தூளை உதறுகிற தட்டல் அது. பள்ளியில் கரும்பலகைகளைக் கழற்றிவிட்டுத் தொடுதிரைகளை மாட்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மிச்சமிருந்த சாக்பீஸ் பெட்டிகள் சாமான் அறையில் ஈரம் ஏறிக் கிடந்தன. ஆனாலும் அவர் கைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. திரையை அணைப்பார், பேனாவைச் சட்டைப் பையில் செருகுவார், கதவருகே வந்து பட் பட் என்று தட்டுவார், அப்புறம்தான் வராந்தாவில் கால் வைப்பார். அவரைப் போல நடித்துக் காட்டும் பிள்ளைகள் முதலில் இதைத்தான் செய்வார்கள். நடிப்பு நன்றாக இருந்தால் அவரும் நின்று சிரித்துவிட்டுப் போவார்.

இதை நெடுநாளாகக் கவனித்து வந்தவள் கணினி அறையில் வேலை பார்த்த பெண். பிள்ளைகளின் வருகை, மதிப்பெண், முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் பள்ளியின் தகவல் தொகுப்பில் ஏற்றுவதும் திருத்துவதும் அவள் வேலை. ஆனால் பாதி நாள், ஆசிரியர்கள் மறந்துவிட்டு வரும் பாஸ்வேர்டை மாற்றித் தருவதிலேயே போய்விடும். அதனால் அவளுக்கு ‘பாஸ்வேர்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

“பாஸ்வேர்டு, மறுபடியும் உள்ள விடமாட்டேங்குது” என்று கணக்கு சார் கதவிடுக்கில் தலையை நீட்டுவார்.

“நேத்துதானே சார் மாத்திக் குடுத்தேன்?”

“மறக்கக் கூடாதுன்னு பத்திரமா ஒரு எடத்துல எழுதி வெச்சேம்மா. அந்த எடம் மறந்துபோச்சு.”

“பத்தொன்பதாம் வாய்ப்பாடு மட்டும் தலைகீழா சொல்லுவீங்க.”

“வாய்ப்பாடு என்னைக்காவது என்னை வெளிய நிக்க வெச்சிருக்கா?”

இருவரும் அவரவர் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவர்கள். அவளுடைய அப்பா கொத்தனார். அவருடைய அப்பா லாரி ஓட்டியவர். மகன் பட்டம் வாங்கிய அன்று சுமை இறக்க நேரமில்லாமல் சிமென்ட் மூட்டைகளோடு கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். “எங்கப்பா லாரியை எங்க நிறுத்துறதுன்னு தேடித் தேடியே விழா முடிஞ்சுபோச்சு” என்று சார் சொல்லும்போது சிரிப்பது அவர் ஒருவர்தான். அவளுக்குச் சிரிப்பு வராது. பளபளவென்று பேசுகிறவர்கள் நிறைந்த கூட்டங்களில் தான் தவறுதலாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டோமோ என்று அவளுக்கு இன்னமும் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வார்: “நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சு கொஞ்சம் லேட்டாத்தான் வரும்மா. பரவால்ல. ஆனா நம்மள மாதிரி ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் விட்டுக்குடுக்கக் கூடாது.”

அந்த ‘நம்ம’வில் அவளுக்கு ஒரு வீடே கிடைத்த மாதிரி இருந்தது.

பாடங்களைக் காணொளியாக எடுக்கத் தொடங்கியதும் அவர்கள் இருவரும்தான். பள்ளி விட்ட பிறகு, சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, கணினி அறையின் வெள்ளைச் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சார் பின்னக் கணக்குப் போடுவார். அவள் கேமராவைப் பிடிப்பாள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பாடத்தின் கடைசியில் பழக்கதோஷத்தில் கையைத் தட்டுவார். முதலில் அதை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளைகளே கேட்டார்கள்: “அக்கா, சார் கை தட்டுறது எங்க? பாடம் முடிஞ்ச மாதிரியே இல்ல.” அப்புறம் வெட்டவில்லை.

குடை என்ற ஒன்று வந்ததும் அவரால்தான்.

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மதிப்பெண் அறிக்கையில் அம்மாவின் கையெழுத்து வாங்காமல் வந்திருந்தான். “ஏன்டா, உங்கம்மா ஊர்ல இல்லையா?” என்று சார் கேலியாகக் கேட்டார். வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தான், வாய் கோணிக்கொண்டது. விடுமுறையில் அவனுடைய அம்மா இறந்துபோயிருந்தாள். பள்ளிக்கு யாரும் சொல்லவில்லை. அன்று சார் கையைத் தட்டாமலே வகுப்பை விட்டு வந்தார். கணினி அறைக்கு வந்து உட்கார்ந்து அவளுடைய திரையைக் காட்டிக் கேட்டார்.

“உன் கம்ப்யூட்டர்ல இத்தனை கட்டம் இருக்கே. ரத்த வகைக்கு ஒண்ணு, பஸ் ரூட்டுக்கு ஒண்ணு. இந்தப் பிள்ளை மேல இப்ப மழை பெய்யுது, பாத்துப் பேசுங்கன்னு சொல்ல ஒரு கட்டம் இல்லையா?”

அவள் ஒரு கட்டத்தை உருவாக்கினாள். அவர் அதற்குக் குடை என்று பெயர் வைத்தார். சட்டங்களையும் அவரே சொன்னார்: வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர், பாஸ்வேர்டு, இந்த மூவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. வாய்விட்டுப் படிக்கக் கூடாது. சொன்னவர்களின் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. ஆண்டு முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். ‘அப்பா வேலை போய்விட்டது, சுற்றுலாவுக்குப் பணம் கேட்டு நிறுத்த வேண்டாம்’, ‘புதுச் சித்தி வந்திருக்கிறார், அம்மா என்று கேட்டால் குழம்புகிறாள்’ என்று குடைகளுக்குள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆண்டுக் கடைசியில் அவள் தன் கையாலேயே அவற்றை அழிப்பாள். அழிக்கும்போது ஒரு நிம்மதி இருக்கும். மழை விட்டது மாதிரி.

அவள் தெரு முனையில் ஒரு தையல் கடை. கடைக்கார அக்காவின் மகள் பத்தாம் வகுப்பு, கணக்கு சார்தான் வகுப்பாசிரியர். சார் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிற பெண். அவள் திடீர் திடீரென்று பள்ளிக்கு வராமல் இருந்தாள், வந்தாலும் சில நாள் சீருடை கசங்கிக் கிடந்தது. காரணம் கேட்டால் தரையைப் பார்த்தாள். “நீ அந்தப் பக்கந்தானே இருக்க, கொஞ்சம் பேசிப் பாரேன்” என்று சார் சொன்னார்.

ஒரு சுடிதாரைப் பிடிக்கக் கொடுக்கிற சாக்கில் அவள் போனாள். அக்கா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே சொன்னாள். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வரும் நாள்களில் கை நீளும். அந்த நாள்களில் மகளைக் கூட்டிக்கொண்டு, பட்டன் கடை வைத்திருக்கும் தோழியின் வீட்டுக்குப் போய்விடுவாள். அவரிடம் சொல்லியிருப்பது வேறு: தையல் கம்பெனியில் ராத்திரி வேலை, பெண்ணைத் தனியாக விட முடியாது, அதனால் அழைத்துப் போகிறேன் என்று.

“எழுதி வெச்சா யாரு பாப்பாங்க?”

“கணக்கு சார், பெரிய டீச்சர், நான். அவ்ளோதான்க்கா.”

“அந்த சார் நல்லவர்தானே?”

“தங்கமானவர்க்கா.”

அக்கா உதட்டிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். “அவரை எனக்குத் தெரியாது. உன்ன நம்பித்தான் சொல்றேன். எழுதிக்கோ.”

அந்த வருடம்தான் ஒரு கற்றல் செயலிக் கம்பெனி பள்ளிக்குள் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வரும், எது வராது என்று கணித்து அதற்கேற்ற பாடங்களைக் கொடுக்கிற செயலி. முதல் வருடம் இலவசம். மதிப்பெண்ணையும் வருகையையும் மட்டும் கொடுக்கலாம் என்று பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டார். தொகுத்து அனுப்பும் பொறுப்பு கணக்கு சாரிடம் வந்தது. கம்பெனிக்காரர்கள் அவருடைய காணொளிகளைப் பார்த்துவிட்டு அசந்துபோனார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், “சார், நீங்க ஒரு வகுப்புக்கு மட்டும் சொந்தமானவர் இல்லை” என்றாராம். அதைச் சொல்லும்போது சாரின் காது மடல் சிவந்திருந்தது. அவள் மனதாரச் சந்தோஷப்பட்டாள். அவருக்குப் பேச்சு வரும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் கூடத்தில் நடந்தது. கம்பெனியிலிருந்து வந்த பெண் பெரிய திரையில் செயலியைக் காட்டிக்கொண்டிருந்தாள். “ஒரு மாணவியோட பக்கத்தைத் திறந்து பார்ப்போமா?” என்று எதையோ அழுத்தினாள். திரையில் தையல்கார அக்காவின் மகள் படம் வந்தது. அக்கா முகம் மலர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விரிந்தன. பதினொன்றாம் வகுப்புக்குப் பரிந்துரை: அடிப்படைப் பிரிவு. காரணங்கள்: வீட்டுச் சூழல் நிலையற்றது. தந்தைக்குக் குடிப்பழக்கம். இரவுகளில் தாயின் தோழி வீட்டில் தங்குதல்.

அக்காவின் உதடுகள் அசைந்தன. கடைசி வரிக்கு வந்ததும் நின்றன. இரண்டு வரிசை தள்ளி, தன் பையனுக்காக வந்திருந்த அவளுடைய நாத்தனாரும் அதே வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிப் பெண் பதறிப்போய் வேறு பக்கத்துக்குத் தாவினாள். அதற்குள் எல்லோரும் படித்து முடித்திருந்தார்கள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் கணக்கு சாரைத் தேடவில்லை. சுவரோரம் நின்றிருந்த பாஸ்வேர்டைத்தான் தேடிப் பிடித்தன. சார் மேடைக்குப் பக்கத்தில் வயர்களுக்கு நடுவே நின்று தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பாஸ்வேர்டு அவரைக் கணினி அறையில் பிடித்தாள்.

“குடையைக் குடுத்தீங்களா சார்?”

“கதவைச் சாத்தும்மா.”

“குடுத்தீங்களா?”

“மார்க்கும் வருகையும் மட்டும் வெச்சா கணிப்பு பாதிதான் சரியா வந்துச்சு. குடையையும் சேர்த்துப் பாத்தேன். போன வருஷத்துப் பிள்ளைங்களுக்கு அப்படியே பொருந்துச்சும்மா. யாரு தோத்தாங்க, யாரு படிப்பைப் பாதில நிறுத்தினாங்க, எல்லாம். என் வாழ்க்கையில நான் பார்த்த அழகான கணக்கு அது.” அவர் குரலில் அந்த நேரத்திலும் ஒரு ஆசை இருந்தது. “பேரை எடுத்துட்டுத்தான் குடுத்தேன். சேர்க்கை எண் மட்டும்தான் இருந்துச்சு.”

“சேர்க்கை எண்ணை வெச்சுப் பேரைக் கண்டுபிடிக்கத் தெரியாதா சார் அவங்களுக்கு? எட்டாங்கிளாஸ் பிள்ளை கண்டுபிடிக்கும்.”

“திரையில காட்டுவாங்கன்னு நான் நினைக்கல.”

“போன வருஷத்துக் குடையெல்லாம் நான் அழிச்சிட்டேனே. அது எப்படி உங்ககிட்ட இருந்துச்சு?”

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி செருகினார். அவள் அழிப்பதற்கு முன்பாகவே ஒவ்வொரு வருடமும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மழை விட்டதாக அவள் நினைத்திருந்த நாள்களிலெல்லாம் அவர் எங்கோ ஒரு பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பாஸ்வேர்டு மறந்துபோகிற மனுஷன், இதை மட்டும் மறக்கவில்லை.

பெரிய டீச்சர் மறுநாளே கம்பெனியை வெளியே அனுப்பினார். கணிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, தையல்கார அக்காவின் மகளுக்கு அவள் கேட்ட கணிதப் பிரிவையே ஒதுக்கிவிட்டார். அது மட்டும் நல்லபடியாக முடிந்தது. மற்றது முடியவில்லை. நாத்தனார் வழியாக விஷயம் வீட்டுக்காரருக்குப் போனது. அவர் நேராகப் பட்டன் கடைக்குப் போய்த் தெருவே கூடும்படி கத்தினார். தோழியின் புருஷன், இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். போக்கிடம் போனது. அக்கா வீட்டிலும் இருக்க முடியாமல், மகளோடு தையல் கடைக்குப் பின்னால் துணிமூட்டை வைக்கும் அறைக்குக் குடிபெயர்ந்தாள்.

பாஸ்வேர்டு கடைக்குப் போனபோது அக்கா தைப்பதை நிறுத்தவில்லை.

“அக்கா, அதை நான் குடுக்கல.”

“எழுதினது நீதானே?”

“நான்தான். ஆனா வெளிய குடுத்தது சார்.”

“தங்கமானவருன்னு சொன்னியே.” மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. “மாட்டிக்கிட்டா எல்லாரும் அடுத்தவங்க பேரைத்தான் சொல்லுவாங்க. என் வீட்டுக்காரரும் அப்படித்தான், பாட்டில் மேல பழி போடுவாரு. அந்த சார் வந்து, ‘குடுத்தது நான்தான்’னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் உன் மூஞ்சியப் பாக்கறேன்.”

அக்கா கேட்டது அவ்வளவுதான். இழப்பீடு கேட்கவில்லை, போலீசுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வேண்டியவரோ வாக்கியங்களிலேயே பிழைப்பு நடத்துகிறவர்.

ஆனால் அவர் அந்த மாதக் கடைசியோடு பள்ளியை விட்டுப் போனார். அதே கம்பெனியில் பாட ஆலோசகர் வேலை. வழியனுப்புக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சில் தடுமாற்றமே இல்லை, சரளமாக வந்தது. வெளியே வரும்போது கூடத்தின் கதவருகே நின்று பட் பட் என்று கையைத் தட்டிக்கொண்டார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு அவள் அவருடைய புது அலுவலகத்துக்கே போனாள். கண்ணாடிக் கதவு, வரவேற்பில் செடி, குளிர். கழுத்தில் அட்டை தொங்க வந்தவர் அவளைப் பார்த்ததும் உண்மையிலேயே மகிழ்ந்தார். அதுதான் அவளைக் குழப்பியது. கெட்டவராக மாறியிருந்தால் வெறுத்துவிட்டுத் திரும்பியிருப்பாள்.

“என்ன பாஸ்வேர்டு, இங்க கதவு தொறக்கவும் கார்டு வேணும், தெரியுமா? ரெண்டு தடவை வெளிய மாட்டிக்கிட்டேன்.”

“அக்காகிட்ட வந்து சொல்லுங்க சார்.”

சிரிப்பு வடிந்தது. “சொன்னா அது என்கூட நிக்காதும்மா. கம்பெனி பேரும் வரும். இப்பத்தான் சேர்ந்திருக்கேன்.”

“அக்கா யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு நீங்க சொன்னா போதும்.”

“உன்ன அவங்க எப்படியும் மன்னிச்சுடுவாங்க. ஒரே தெரு. தினம் பாக்கறவங்க.”

“நம்மள மாதிரி ஆளுங்க விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்.”

அவர் குனிந்து கழுத்து அட்டையைத் திருப்பி வைத்தார். பிறகு நிமிர்ந்து, “ஞாயித்துக்கிழமை வரேன். சத்தியமா. நானே வந்து சொல்லிடறேன்” என்றார். அந்தக் கண்களில் எட்டாம் வகுப்புப் பையனுக்காகக் கலங்கிய பழைய சார் இருந்தார். அவள் நம்பினாள். அத்தனைக்குப் பிறகும் ஏன் நம்பினோம் என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். படித்தது போதாதா, இல்லை படித்தவர் என்பதால்தான் நம்பினோமா என்று அவளால் முடிவுக்கு வர முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடையைக் கூட்டித் துடைத்திருந்தாள். வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்து மூட்டை கட்டி, நாற்காலியைக் காலியாக வைத்திருந்தாள். “வரட்டும், ஒண்ணும் திட்ட மாட்டேன்” என்றாள். பாஸ்வேர்டு வாசலிலேயே நின்றாள். ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் அக்காவின் மிஷின் நின்று, பிறகு ஓடியது. வெயில் தாழ்ந்தது. அக்கா துணி மூட்டையைத் தூக்கி மறுபடி நாற்காலியில் போட்டாள்.

அவர் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய பிறகு கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே அக்காவின் மகள் பாப்பாவுக்கு ஒரு டேப்லெட். அதில் கம்பெனியின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் முழுவதும் இருந்தன. கூடவே ஒரு அட்டை: ‘நன்றாகப் படி. வாழ்த்துகள்.’ கையெழுத்து இல்லை.

அக்கா அதைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். பாப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, புது டீச்சர் ரொம்ப வேகமாப் போறாங்க. புரியல.”

அக்கா கையிலிருந்த தையலை முடித்து நூலை அறுத்தாள். கடைசியில், “பாடம் என்ன பண்ணுச்சு பாவம். தொறந்து படி” என்றாள்.

இப்போதும் வேலை முடிந்து பாஸ்வேர்டு அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறாள். அக்கா தலையை நிமிர்த்துவதில்லை. பின்னறைத் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து கணக்கு சாரின் குரல் வரும். “அவசரப்படாதீங்க, முதல்ல என்ன குடுத்திருக்காங்கன்னு பாருங்க” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லித் தருவார். புரியாவிட்டால் பாப்பா பின்னுக்குத் தள்ளிப் போடுவாள். சலித்துக்கொள்ளாமல் மறுபடி சொல்வார். எத்தனை தடவை கேட்டாலும் சொல்வார். அக்கா தைத்துக்கொண்டே, வேறு வழியில்லாமல், ஒவ்வொரு சாயங்காலமும் அவர் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த அறைக்குள் அவர் இதுவரை ஆயிரம் வாக்கியங்கள் பேசியிருப்பார். அவர் தர வேண்டிய அந்த ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை.

பாடம் முடியும். பட் பட் என்று கையைத் தட்டும் சத்தம் கேட்கும். அடுத்த பாடம் தானாகவே தொடங்கும்.